விட்ட இடத்தைப் பிடித்து வைப்பவர்கள்

போளூரிலிருந்து ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு மலைச்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் பள்ளிக்கூடத்தின் காலக்கணக்கே மாறிவிடுகிறது. கீழே போளூரில் ஜூனில் பள்ளி திறந்து ஏப்ரலில் மூடினால், பிள்ளைகளும் பெரும்பாலும் அதே கணக்கில் வந்து போகிறார்கள். மேலே மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் ஆண்டு வேறு மாதிரி ஓடுகிறது. சாமை அறுவடை, புளி உலுக்கும் பருவம், தாய் தகப்பன் கூலி வேலைக்கு வெளியூர் போகும் மாதங்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நாட்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளை எந்த நாளில் வகுப்பில் இருப்பாள் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த வெளியூர் வேலை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதை நாடு 2015 ஏப்ரல் 7 அன்று பார்த்தது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். கல்விக் கருத்தரங்குகளில் நெகிழ்வான கற்றல் என்று சொல்லப்படுவதை இந்த மலையில் வைத்துப் பார்த்தால் மிச்சமாவது ஒரே கேள்விதான். பத்து நாளோ இரண்டு மாதமோ கழித்துத் திரும்பி வரும் பிள்ளை, விட்ட இடத்திலிருந்து வெட்கப்படாமல் தொடங்க முடியுமா? வகுப்பறைக்குள் நுழையும் எந்தக் கருவியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் அளக்க விரும்புகிறேன்.

இப்படி அளந்தால் முதலில் கண்ணில் படுவது கருவி அல்ல, ஒரு கைத்தொழில். மலையில் ஈராசிரியர் பள்ளிகளே மிகுதி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், சில நாட்களில் ஒருவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தைக் கையைப் பிடித்து எழுதவைக்கும்போதே நான்காம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு கொடுத்து, மூன்று வாரம் கழித்து வந்தவனைத் தனியாக உட்காரவைத்து, அவனுக்கு எது மறந்திருக்கிறது என்று பேச்சுவாக்கில் கண்டுபிடிக்க வேண்டும். கல்வியியல் கல்லூரிப் பாடத்தால் மட்டும் இது வந்துவிடாது. தறியில் இழை அறுந்த இடம் நெசவாளியின் விரலுக்குத் தெரிவதுபோல, பிள்ளையின் படிப்பு எங்கே அறுந்தது என்பது பல ஆண்டு பழகிய ஆசிரியருக்குத் தெரிகிறது. ஆனால் அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அந்த அறிவும் அவரோடு மலையிறங்கிவிடுகிறது. தொழில்நுட்பத்துக்கு இங்கே உண்மையான வேலை இருக்குமானால், அது இந்த அறிவை வகுப்பறையிலேயே தங்கவைக்கும் வேலைதான்.

அதைச் செய்த ஒரு தொழில்நுட்பம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருந்தது. அது அட்டையால் ஆனது. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி ஊரகக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா இணையர் கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையை, 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் சென்னைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007-08இல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலம் முழுதும் பரவியது. பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம், சுவரில் கற்றல் ஏணி, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. இரண்டு மாதம் வராத பிள்ளை ஏணியில் தன் சின்னத்தைத் தேடி, அந்த அட்டையை எடுத்துக்கொண்டு குழுவில் போய் உட்கார்ந்தால் போதும். வகுப்பு அவளை விட்டுவிட்டுப் போயிருக்காது, ஏனென்றால் மொத்தமாக நகரும் வகுப்பு என்ற ஒன்றே அங்கே கிடையாது. மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம். மதனப்பள்ளியின் கிராமங்களுக்காகப் பிறந்த முறை ஜவ்வாது மலைக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

அதற்கு எதிர்ப்பும் இருந்தது, அந்த எதிர்ப்பு அசட்டை செய்யக்கூடியதும் அல்ல. பிள்ளைகள் அட்டையை வைத்து விளையாடுகிறார்கள், வாத்தியார் பாடமே நடத்துவதில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். அட்டையிலிருந்து அட்டைக்குத் தாவுவது சடங்காகிவிட்டது என்று ஆசிரியர்களே சொன்னார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஏணி பிள்ளை நிற்கும் படியைக் காட்டும். அவள் ஏன் அங்கேயே நின்றுவிட்டாள் என்பதை ஒரு மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மனிதருக்கு நேரமும் பயிற்சியும் தராமல் அட்டைகளை மட்டும் கொடுத்த இடங்களில் முறை சோர்ந்துபோனது. இன்றைய கைக்கணினிக்கும் இதே விதிதான். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வகுப்பு எண்ணால் அல்லாமல் கற்றல் நிலையால் பிரிக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த அரும்புகளைக் கண்டு முகம் சுளிக்காமல், அங்கிருந்தே தொடங்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது பெரிய காரியம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் 22,931 பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் என்று அதன் பின்னால் வந்த ஏற்பாடுகள், அந்த ஒப்புதலுக்குப் பணி செய்கின்றனவா என்பதே பார்க்க வேண்டியது.

கருவியைக் கொடுத்தால் படிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பெரு நாடு சோதித்துப் பார்த்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை அங்கே 319 கிராமப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகள் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. டெல்லியில் நடந்த இன்னோர் ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்தது. 2019இல் முரளிதரன், சிங், கானிமியன் மூவரும் வெளியிட்ட அந்த ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது தெரிந்தது. மாலை நேர மையத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் அவள் நிற்கும் நிலையிலேயே சந்திக்கும் மென்பொருளோடு நான்கரை மாதம் படித்ததில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். இரண்டு நாட்டிலும் இருந்தது கணினிதான். டெல்லி மென்பொருள் பிள்ளையின் இடத்தைத் தெரிந்து வைத்திருந்தது. கூடவே பாதி நேரம் சிறு குழுவுக்கு ஒரு மனிதர் பாடம் சொன்னார். செய்திகளில் மென்பொருளின் பெயர்தான் வந்தது, அந்த மனிதர் வரவில்லை.

நம் மாநிலத்துச் சான்று இன்னும் நேரடியானது. 2021 டிசம்பரில் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தபோது பெருந்தொற்று விட்டுச்சென்ற பள்ளம் ஆழமாக இருந்தது. ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஊர்ப் பெண்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் மாலையில் நடத்திய வகுப்புகள் அவை. 2019இல் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி, பள்ளிகள் மூடியிருந்த நாட்களில் வீடுதேடிப் போனது உண்மை. ஆனால் தொலைக்காட்சி எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்கிறது, பார்க்காத பிள்ளைக்காக அது காத்திருப்பதில்லை. திண்ணை வகுப்பு காத்திருந்தது.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, அப்படியானால் திரையே வேண்டாம் என்ற முடிவுக்கு யாராவது வந்தால் நான் உடன்பட மாட்டேன். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் படிப்பில் சில வாசல்களைத் திரையும் ஒலியும் தவிர வேறெதுவும் திறக்காது. பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் நூல் மலையேறி வருவது அரிது. ஆனால் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே திரையைத் தமிழில் வாசித்துக்காட்டும் வசதி இருக்கிறது. கணினிக்கு, பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கிய என்விடிஏ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. காதுகேளாத பிள்ளையின் நிலை இன்னும் கடினம். அவள் ஊரில் சைகைமொழி தெரிந்த இன்னொருவர் இல்லாமலே போகலாம், தாய்க்கும் மகளுக்கும் இடையில் வீட்டுச் சைகைகள் மட்டுமே இருக்கலாம். அவளுக்கு இன்னொரு சைகையாளரைக் காட்டக்கூடியது காணொளிதான். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் தன் பாடநூல்களை இந்தியச் சைகைமொழிக்குக் கொண்டுவர 2020 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டது. தமிழ்ப் பாடநூலுக்கும் அதே அளவில், அதே முனைப்போடு அது நடக்க வேண்டும். பாட்டு ஓடும்போதே அதன் வரிகளைத் திரையில் காட்டினால் எழுதப்படிக்கத் திணறுபவர்களின் வாசிப்பும் வளரும் என்று ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி 1996இலிருந்து சொல்லிவருகிறார். காதுகேளாத பிள்ளைக்காகப் போடும் எழுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அரும்பு நிலைப் பிள்ளைக்கும் உதவும். ஒருவருக்காகச் செய்தது வகுப்புக்கே பயன்படும் இந்த இடத்தில்தான் திரை தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

ஆனால் போனில் அந்த வசதி இருக்கிறது என்பதும் அது பிள்ளைக்குக் கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் சிறப்புப் பயிற்றுநர் என்றொரு தொழிலாளி நிற்கிறார். வட்டார வள மையத்திலிருந்து புறப்பட்டுப் பள்ளி பள்ளியாகவும், பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளின் வீடு வீடாகவும் போகிறவர். நூலையும் ஃபெவிகாலையும் வைத்துத் தமிழ்நாட்டு வரைபடத்தின் எல்லைக்கோட்டை விரலால் தடவிப் பார்க்கும்படி மேடாக்குவார். மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையின் பென்சிலில் துணியைச் சுற்றிப் பிடிக்க ஏதுவாகப் பருமனாக்குவார். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்டு வாங்கச் சான்றிதழ் அலுவலகங்களுக்கு நடப்பார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவில் பள்ளிகளுக்கு விதிக்கும் கடமை, மலைக் கிராமத்தில் நடைமுறையில் இவர் காலில்தான் வந்து சேர்கிறது. இவர்களுக்குக் கிடைப்பதோ தொகுப்பூதியம், பணி நிரந்தரக் கோரிக்கை ஆண்டுக்கணக்காகக் கோரிக்கையாகவே இருக்கிறது. எல்லோரையும் உள்ளடக்கும் கல்வி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஊதியப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

முதலில் ரோடு போடுங்கள், ஆசிரியரைப் போடுங்கள், கணினியை அப்புறம் பார்க்கலாம் என்பது மலையில் அடிக்கடி கேட்கும் வாதம். பாதிக்கு மேல் அது சரி. பெருவின் அனுபவமும் அந்தப் பக்கமே பேசுகிறது. இருந்தாலும் இந்த மலைக்கு அறிவியல் எப்போதும் ரோட்டுக்காகக் காத்திருந்ததில்லை. ஊர் வெளிச்சம் படாத இருட்டுக்காகவே இதே மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்து, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். வானத்தைப் பார்க்கும் கண்ணாடியை மலைமேல் ஏற்ற முடிந்த நாடு, பார்வையற்ற பிள்ளைக்கு ஒரு போனைத் தள்ளிப்போடக் காரணம் தேடக்கூடாது. சிக்னல் இல்லை என்பதும் தீராத தடை அல்ல. 2023 ஜூலையில் வந்த மணற்கேணி செயலியின் பாடக் காணொளிகள் போன்றவற்றைப் போளூரிலேயே நினைவட்டையில் இறக்கி மேலே கொண்டுபோகும்படி தர வேண்டும். இணையம் இல்லாமல் பள்ளிக்குள்ளேயே ஓடும் கோலிப்ரி போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன. சிக்னல் இருந்தால்தான் திறக்கும் என்று வடிவமைக்கப்பட்ட செயலி, நகரத்துப் பள்ளியை மனதில் வைத்து எழுதப்பட்ட செயலி.

ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் பிடிக்காது என்பார்கள். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடமும் விடுப்புச் செய்தியும் அனுப்பும் ஆசிரியர்களைப் பார்த்த பிறகும் இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். அவர்கள் சலித்துக்கொள்வது எமிஸ் என்ற அரசுக் கல்வித் தகவல் தளத்தில் ஏற்றும் பதிவுகளைப் பற்றி. வருகை, சீருடை, காலணி, கற்றல் மதிப்பீடு என்று ஒவ்வொன்றையும் ஏற்றுவதற்குள் முதல் பாடவேளை போய்விடுகிறது என்ற புகாரை ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. இங்கே கவனிக்க வேண்டியது தகவல் ஓடும் திசை. அரும்பா மொட்டா என்று ஆசிரியர் ஏற்றும் மதிப்பீடு மாவட்டத்துக்கும் சென்னைக்கும் உடனே போகிறது. நாளைக் காலை இந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம் என்ற பதிலாக அது திரும்பி வந்தால், ஏற்றிய நேரம் வீணாகவில்லை என்று அவருக்கே தோன்றும். வராவிட்டால் அந்தக் கருவி வகுப்பறைக் கருவி அல்ல, மேலதிகாரியின் பதிவேட்டுக்குப் புது அட்டை.

நெகிழ்வு என்பது தரத்தைத் தளர்த்துவதற்கு நாகரிகமான பெயர், அரும்பு என்று ஒதுக்கிய பிள்ளை கடைசிவரை அரும்பாகவே இருந்துவிடுவாள் என்ற அச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பழங்குடிப் பிள்ளைகள் விஷயத்தில் இந்த நாடு அப்படி நடந்துகொண்டதற்குச் சாட்சிகள் ஏராளம். சேரவேண்டிய இடத்தைக் குறைக்காமல் போகும் வேகத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால்தான் அது நெகிழ்வு. அதற்குப் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பது அடுத்த ஆசிரியருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். மலையில் தொடக்கப்பள்ளி ஒரு துறையிடமும் உண்டு உறைவிடப் பள்ளி பழங்குடியினர் நலத்துறையிடமும் இருக்கும்போது இது தானாக நடக்காது. பிள்ளைக்கு எமிஸ் எண் ஒன்றுதான். அந்த எண்ணைத் தட்டியதும் சாதியும் பிறந்த தேதியும் வருவதற்கு முன் அவள் எந்தப் படியில் நிற்கிறாள், எந்த உதவியோடு படிக்கிறாள் என்பது வர வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்கோ காப்பித் தோட்டத்துக்கோ தாய் தகப்பனோடு போகும் பிள்ளைக்கு எந்த எண்ணும் துணை வராது. அவள் பையில் ஒரு தாள் இருந்தால் போதும். தமிழிலும் போகிற மாநிலத்தின் மொழியிலும் அவள் நிலையைப் பத்து வரியில் எழுதி, ஆசிரியர் கையெழுத்துப் போட்ட தாள். அதை எழுதக் கால்மணி நேரம் ஆகும். எந்தப் படிவத்தை நிறுத்தி அந்தக் கால்மணி நேரத்தை ஆசிரியருக்குத் தருவது என்பதைச் சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.