கல்வெட்டு இருக்கிற டிஸ்க்

வெள்ளவத்தை, காலி வீதி. மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒடுங்கிய கடை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஐயா, பழைய சாரத்தில் சுற்றிய லப்டொப்பை மேசையில் வைக்கிறார். செத்தவீட்டு 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுமலர் அடித்துக் கொடுப்பது அவர் தொழில்.

"தம்பி, உள்ளுக்க டிக் டிக் எண்டு கேக்குது."

கடைப் பெடியன் காதை வைத்துக் கேட்கிறான். 500 ஜிபி ஹாட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிற தட்டு. சோதித்துப் பார்த்தால் திரையில் மஞ்சள் எச்சரிக்கை. சில செக்டர்கள் பழுது.

"விண்டோஸைப் புதுசாப் போட்டு, ஃபைலுகளை மட்டும் எடுத்துத் தரட்டோ, ஐயா?"

"ஐயோ, வேண்டாம் ராசா. இருக்கிறமாதிரியே வரவேணும். போனமுறை அப்பிடிச் செய்து தமிழெல்லாம் இங்கிலீசாப் போச்சு."

அவர் பயத்தில் நியாயம் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான். மெய்யெழுத்தின் புள்ளிகூட அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. எழுத்துரு போனால் ஓர் ஆளின் பிறந்த ஊரும் பேரப்பிள்ளைகளின் பெயர்களும் குறிகளாகச் சிதறிவிடும். எழுத்துருவைத் திரும்பப் போடலாம். பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளை? அதன் சீடி எப்போதோ தொலைந்துவிட்டது. ஆகவே குளோன்: டிஸ்க்கை இருக்கிறபடியே நகலெடுப்பது.

மகன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய எஸ்எஸ்டியை ஐயா பையிலிருந்து எடுக்கிறார். 480 ஜிபி. பெடியன் முகம் சுளிக்கிறான். பழையதைவிடச் சிறியது, செக்டருக்குச் செக்டர் நகலெடுத்தால் கொள்ளாது. பழைய டிஸ்க்கிலேயே பார்ட்டிஷனைச் சுருக்கலாம்தான், ஆனால் நோயாளியான டிஸ்க்கில் அப்படிக் கைவைப்பது ஆபத்து. பாவித்த இடம் 90 ஜிபி அளவுதான். அதை மட்டும் நகலெடுத்து, புதியதில் அளவைப் பொருத்துகிற வழியைத் தெரிகிறான். பழைய விண்டோஸைத் திறக்காமல் பென் ட்ரைவிலிருந்து லப்டொப்பை எழுப்பி, எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறையில் கொளுவுகிறான். எது மூலம், எது இலக்கு என்று விரலால் தொட்டு இரண்டுதரம் வாசிக்கிறான். மாறி அழுத்தினால் வெற்று டிஸ்க்கைத்தான் கல்வெட்டுகளின் மேல் எழுதுவான். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

லப்டொப்பின் பற்றரி செத்துப்போனது. அதனால் யூபிஎஸ்ஸில் கொளுவுகிறான். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் கரண்ட் போன ஊர் இது.

நீலக்கோடு ஊர்கிறது. சில இடங்களில் நின்று, திரும்ப முயன்று, மறுபடி ஊர்கிறது. ஐயா கதிரை நுனியில் இருக்கிறார். பெடியன் கேட்காமலே சொல்லத் தொடங்குகிறார்: எந்தக் குடும்பம் எந்த ஊர், யார் யாரைக் கட்டினார், எந்தக் கிளை லண்டனுக்குப் போனது. வம்சாவளிப் பக்கம் அடிக்கும்போதுதான் நெஞ்சு படபடக்குமாம், ஒரு பெயர் விட்டுப்போனாலும் சண்டையாம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இப்படியான நினைவுமலர்களையும் மின்வருடிச் சேர்க்கிறது. ஆனால் அச்சுக்குப் போகாத திருத்தங்கள் இந்த ஒரு டிஸ்க்கில்தான்.

முடிந்தது. இரண்டையும் கொளுவியபடி விண்டோஸைத் திறக்கக்கூடாது. ஒரே அடையாள எண் என்பதால் ஒன்றை அது ஒதுக்கிவிடும். அடிமூடியைக் கழற்றுகிறான். கடற்காற்றில் துருவேறிய ஒரு ஸ்குரூ மட்டும் அடம்பிடிக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்ச நேரம், பிறகு மெல்லச் சுழல்கிறது. பழைய டிஸ்க் வெளியே, புதியது உள்ளே.

திரை விரைவாக எழுகிறது. ஐயா தானே மவுஸைப் பிடித்துப் பேஜ்மேக்கரைத் திறக்கிறார். தமிழ் தமிழாகவே நிற்கிறது.

"பழசை எறியாதேங்கோ ஐயா. ரெண்டு மாசம் பத்திரமா வச்சிருங்கோ. பென் ட்ரைவிலயும் ஒரு பிரதி போட்டுத் தாறன். ஆறுதலா எல்லாத்தையும் யூனிகோடுக்கும் மாத்துவம்."

"அதைப் பிறகு பாப்பம் தம்பி. வியாழக்கிழமை இந்தக் கல்வெட்டுக் குடுக்கவேணும். இதில மூத்த மருமகன்ர பேர் விடுபட்டுக் கிடக்கு. இந்தக் கீபோட்டைக் கொஞ்சம் இஞ்சால தள்ளும்."