வண்டு புகுந்த பெட்டி

அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படியெல்லாம் இல்லை என்பது ஒரு மார்கழியில் தெரிந்தது. "பொட்டிக்குள்ள வண்டு ஏதாச்சும் பூந்துடுச்சாடா? ராத்திரி பூரா ரீங்காரம்" என்றாள்.

சென்னை வீடுகளில் வருஷத்தில் பெரும்பாலான நாள் சீலிங் ஃபேன் ஓடும். அந்த இரைச்சலில் கம்ப்யூட்டரின் சத்தம் ஒளிந்துகொள்ளும். குளிருக்கு ஃபேனை நிறுத்திய ராத்திரிதான் அது வெளியே வந்தது. எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. ஹாலில் அம்மாவின் கட்டில். நான்கடி தள்ளி என் மேஜை. ஒலிப்பதிவுகளை எடிட் செய்வது என் வேலை. மற்றவர்கள் குரலுக்குப் பின்னால் இருக்கும் இரைச்சலைத் தேடித் துடைத்துச் சம்பாதிக்கிறவன், தன் காலடியில் ஓடிய இரைச்சலை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

அந்த வாரமே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டும் நான்கு ஃபேன் கொண்ட ஒரு செட். அட்டையில் சைலண்ட் என்று போட்டு, 22 டெசிபல் என்றும் அச்சிட்டிருந்தது. சத்தத்துக்காகத்தான் வாங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் என்னை இழுத்தது அதிலிருந்த கலர் லைட்.

மாட்டி சுவிட்சைப் போட்டதும் சத்தம் கூடியது. "வண்டு கூடு கட்டிடுச்சு போல. இதுல சீரியல் செட்டு வேற" என்றாள் அம்மா. சம அளவுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும், நான்கு சேர்ந்தால் 6. இது என் தொழிலின் அரிச்சுவடி. அந்த 22 டெசிபலை எவ்வளவு தூரத்தில், எப்படிப்பட்ட அறையில் அளந்தார்கள் என்று அட்டையில் இல்லை. ஒரு மைக்கை இப்படி விவரமில்லாமல் எவனாவது விற்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

சித்திரை வெயிலில் மேலே படுக்கைவாட்டில் மாட்டியிருந்த ஃபேன் கரகரக்கத் தொடங்கியது. மலிவு ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். சூட்டில் அதன் எண்ணெய் வற்றும். படுக்கைவாட்டில் மாட்டினால் சீக்கிரமே தேயும். இது எனக்கு அப்போது தெரியாது. ஸ்டிக்கரை உரித்து, கைக்கு அகப்பட்ட தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். உடனே அடங்கிவிட்டது. அந்தப் பெருமையை நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். அடுத்த மார்கழிக் காலையில் அந்த ஃபேன் சுற்றவே இல்லை. குளியலறை அலமாரியில் பாட்டிலுக்குள் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நின்றதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அன்று ராத்திரி சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஓடும் ஃபேனின் நடுக்குமிழில் விரலை மெல்ல வைத்தால் அது நிற்கும். இறக்கையில் விரல் படக் கூடாது. ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டேன். பின்பக்க ஃபேனை நிறுத்தினால் தகடு அதிர்வது நின்றது. ஒரு திருகு லூஸ். முன்பக்கத்தில் கண்ணாடிப் பலகை. காற்று உள்ளே வர ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு. கண்ணாடியை எடுத்ததும் உறிஞ்சும் சத்தம் பாதியாகக் குறைந்தது. இந்தக் கண்ணாடி மோகத்தை ஆரம்பித்தவரைச் சித்திரை மாதத்தில் இங்கே கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும்.

பெரிய குற்றவாளி ஒயர். என் லைட் ஃபேன்கள் மதர்போர்டோடு சேரவே இல்லை. பவர் சப்ளையிலிருந்து நேராக 12 வோல்ட் எடுத்து, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு வேகத்தில் சுற்றின. நான்கு பின் கொண்ட பிடபிள்யூஎம் ஃபேன் என்றால் மதர்போர்டே சூடு பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும்; சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். இந்தப் பேரத்தில் லாபம் காதுக்குத்தான். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றுவது நல்லது என்பதும் இதனால்தான். 120 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு 80 மில்லிமீட்டரைப் போல இரண்டேகால் மடங்கு.

நாக்டுவா என்ற ஆஸ்திரியக் கம்பெனி 2018இல் கொண்டுவந்த ஏ12x25 ஃபேனில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. நல்ல சரக்கு. என் கைக்கு எட்டவில்லை. ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் மூன்று வாங்கினேன். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மேலே ஒன்றும் இல்லை. நிமிஷத்துக்கு 200 சுற்றிலிருந்து 1800 வரை போகும். நான் 700ஐத் தாண்ட விடுவதில்லை.

அப்புறமும் ஒரு குறை மிஞ்சியது. ஏதாவது ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும், பிராசஸர் ஃபேன் சர்ரென்று எகிறும், அடங்கும், மறுபடி எகிறும். ஒரே சீராக வரும் சத்தம் தூக்கத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அம்மா விழித்துக்கொண்டதெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான். மதர்போர்டின் பயாஸ் செட்டிங்குக்குள் போய், 60 டிகிரி வரை வேகம் மாறாதபடியும், அதற்கு மேல் ஏறுவதாக இருந்தாலும் சில விநாடி பொறுத்தே ஏறும்படியும் வைத்தேன். பிராசஸர் வெந்துவிடுமோ என்ற பயம் கொஞ்ச நாள் இருந்தது. என் பெட்டியில் இருப்பதைப் போன்ற இன்டெல் சிப்கள் 100 டிகிரியை நெருங்கினால்தான் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. இந்த மாற்றத்துக்குப் பைசா செலவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பே, கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், செய்திருக்க வேண்டியது.

நீங்கள் வாங்கப் போனால் அட்டையில் இருக்கும் டெசிபலை விடுங்கள். மதர்போர்டில் செருகும் ஒயரின் முனையில் நான்கு துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைட் எரியுமா என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.