இரண்டு தொட்டிகளுக்கு நடுவில்

மேலே திறக்கும் சலவை மெஷினுக்குள் இருப்பவை இரண்டு தொட்டிகள். மூடியைத் திறந்தால் கண்ணில் படுகிற, ஓட்டைகள் போட்ட எவர்சில்வர் தொட்டி சுற்றுவதற்கானது. அதைச் சுற்றி, தண்ணீரைத் தேக்கி வைக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. மெஷினைப் பிரிக்காமல் அதைப் பார்க்க முடியாது. துவைக்கும்போது அழுக்கெல்லாம் ஓட்டைகள் வழியாக இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குப் போகிறது. பெரும்பகுதி தண்ணீரோடு வடிந்துவிடும். மிச்சம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கரையாத சவர்க்காரத் தூள், துணி வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னர், நூல் பிசிறு, உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து மெழுகு போலப் படிகிறது. அதன் மேல் பூஞ்சை வளர்கிறது. சில வருடங்கள் கழித்து அது பெயர்ந்து, துவைத்த துணியிலேயே கறுப்புத் துணுக்குகளாக வந்து ஒட்டும்.

கிள்ளானில் எங்கள் வீட்டு மெஷினுக்கு இது ஏழாவது வருடம் நடந்தது. தங்கையின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ஊறவைத்த தேயிலை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ரிப்பேர் பார்க்க வந்தவர் மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, "வயசாயிருச்சுண்ணே, புதுசு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்ததற்கு ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். புது மெஷின் வரும்வரை தாமான் முனையில் இருக்கும் டோபியில் துவைத்துக்கொள்ளலாம் என்றேன். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடை. காசு போட்டால் போதும், மனிதரே தேவையில்லை.

அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "வெளிய போட வேணாம்."

சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அம்மாவின் அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் டோபிக் கடை வைத்திருந்தவர். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ரயில்வே குவாட்டர்ஸ் வீடுகளிலிருந்து துணி எடுத்து வந்து, துவைத்து, கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, மூட்டையாகக் கட்டித் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பள்ளி முடிந்து வந்ததும் அம்மாதான் மூட்டைகளைக் கொண்டுபோவார். மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் முன்வாசலில் வாங்கிக்கொள்வார்களாம். தமிழர் வீடு ஒன்றில் மட்டும் பின்கட்டுப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். காசைக் கையில் தர மாட்டார்கள். சுவரின் மேல் வைப்பார்கள். அந்த வீட்டுப் பெண் அம்மாவின் வகுப்பிலேயே படித்தவள்.

இதை அம்மா என்னிடம் சொன்னது ஒரே முறை, மின்சாரம் இல்லாத ஓர் இரவில்.

மலேசியாவில் 'டோபி' என்ற சொல்லுக்கு எந்த வாடையும் கிடையாது. இந்தியிலிருந்து கப்பலேறி வந்து மலாய்ச் சொல்லாகிவிட்டது. கோலாலம்பூரில் எந்தக் கடைவரிசையிலும் 'டோபி லாயான் டிரி' என்ற பலகையைப் பார்க்கலாம். நமக்கு நாமே துவைத்துக்கொள்ளும் கடை என்று பொருள். சிங்கப்பூரில் 1987இல் திறந்த ஓர் எம்.ஆர்.டி. நிலையத்துக்கே டோபி காட் என்று பெயர். அங்கிருந்த ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துவைத்ததால் வந்த பெயர். பினாங்கிலும் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் ஒரு டோபி காட் உண்டு. ரயிலேறும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக் கூசுவதில்லை. அதே தொழிலுக்குத் தமிழில் இருக்கும் சொல்லை எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லிப் பாருங்கள், தொலைக்காட்சியின் சத்தம் உடனே கூடும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்த நாவல். தலித் மக்களுக்குத் துவைக்கும் வண்ணார் குடும்பத்தின் கதை. பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பின்னட்டையை வாசித்துவிட்டுப் புத்தகத்தைக் குப்புற வைத்தார். பிறகு நான்கு நாள் அதை அவரே படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன். நானே கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

யூடியூபில் தமிழில் தேடினால் பெரும்பாலும் சென்னை மெக்கானிக்குகள்தான் வருகிறார்கள். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய எதிரி வேறு. போர்த் தண்ணீரின் உப்பு தொட்டியில் வெள்ளையாகப் படிந்து கல்லாகிவிடுவது பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கு எலுமிச்சை உப்பு, வினிகர் என்று அமிலம் ஏதாவது வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நமக்கு வருவது ஆற்றுத் தண்ணீர், உப்பு குறைவு. இங்கே பிரச்சினை பிசுக்கும் பூஞ்சையும்தான். நம் மெஷின்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கின்றன, அதில் எண்ணெய்ப் பசை முழுதாகக் கரையாது. போதாததற்குச் சாஃப்ட்னர். அதன் மின்னேற்றமும் சவர்க்காரத் தூளின் மின்னேற்றமும் எதிரெதிர். இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெழுகாகிவிடும். வாசனைக்காக ஊற்றுவதே நாற்றத்துக்கு உரம் போடுகிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். தொட்டியின் அடியில் சுழலும் தட்டின் நடுவே ஒரு சின்ன மூடி, அதற்குக் கீழே ஒரே ஒரு திருகாணி. கழற்றியதும் தட்டு வந்துவிடும் என்பார்கள், வராது. வருடக்கணக்கான பிசுக்கு பிடித்துக்கொண்டிருக்கும். தட்டின் ஓட்டைகளில் கெட்டிக் கயிற்றை நுழைத்து, இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். எங்களுடையது 'டப்' என்று வந்தது. அடியில் இருபது காசு நாணயங்கள் ஐந்து, ஊக்குகள், பத்துமலையில் கட்டிய சாமிக்கயிறு ஒன்று, அதோடு கறுப்பாக, பாசி போல ஒரு படலம். அதைப் பார்த்துவிட்டுத் தங்கை அன்று இரவு சாப்பிடவில்லை.

உள்தொட்டியையே வெளியே தூக்கலாம்தான். அதற்குப் பெரிய நட்டைத் திருகத் தனி ஸ்பானர் வேண்டும், துரு பிடித்திருந்தால் சுத்தியலும் வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது ஊறவைப்பது. சோடியம் பெர்கார்பனேட் என்ற வெள்ளைத் தூள் கிலோ கணக்கில் கிடைக்கிறது. தண்ணீரில் போட்டால் ஆக்சிஜன் குமிழிகளை விடும். வெதுவெதுப்பான தண்ணீரில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். எனவே கெட்டிலில் கொதிக்கவைத்து, வாளியில் பச்சைத் தண்ணீரோடு கலந்து, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினேன். பதினான்கு வாளி. கொதிதண்ணீரை நேராக ஊற்றினால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கெட்டுவிடும். சிலர் குளோரின் பிளீச் ஊற்றுகிறார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் அதோடு வினிகரையோ எலுமிச்சை உப்பையோ கலந்துவிடக்கூடாது. நச்சு வாயு வரும், பின்கட்டு மாதிரி அடைத்த இடத்தில் ஆளையே சாய்த்துவிடும்.

தட்டைத் திரும்பப் பூட்டி, தண்ணீரைத் தொட்டியின் வாய்வரை நிரப்பி, ஐந்து நிமிடம் சுற்றவிட்டு, இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் மேலே மிதந்ததைச் சொல்ல வேண்டாம். அதை வடியவிடக்கூடாது, வடிகுழாய் அடைத்துக்கொள்ளும். மீன் தொட்டி வலையால் அள்ளினேன். மறுபடி சுற்றவிட்டேன், மறுபடி அள்ளினேன். நான்கு தடவை.

அம்மா பசியாறிவிட்டுக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். "இவ்ளோ நாளா இதுலயா தொவச்சோம்" என்றார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். வெளிச்சத்தில், பகலில், முதல் தடவையாக.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று ஒருநாளும் மாறியதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. காலரின் உள்பக்கம் ஒரு புள்ளி, இரண்டு கோடு, ஒரு கோட்டின் மேல் புள்ளி. சேராங்கொட்டைச் சாற்றால் போடும் குறி, எத்தனை துவைத்தாலும் போகாது. தோலில் பட்டால் கொப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கழுத்துப் பின்னால் புண் வந்து, இராணுவ மருத்துவர்கள் காரணம் தேடி, கடைசியில் இந்தக் குறியைத்தான் கண்டுபிடித்தார்கள் என்று படித்திருக்கிறேன். சிப்பாய்க்குக் கழுத்தில் ஒரு புள்ளி. தாத்தாவின் விரல்களோ எப்போதும் உரிந்தபடியே இருக்கும் என்றார் அம்மா. அதைப் பற்றி யார் கட்டுரை எழுதியது?

ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு இயந்திரங்கள் வந்தபிறகும் பெண்களின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்பது கேள்வி. முன்பு சலவைக்காரியிடம் போன துணி மெஷின் வந்ததும் வீட்டுக்கே திரும்பியது, அதை அம்மா ஒருத்தியே செய்ய வேண்டியதாயிற்று என்பது அவர் வாதங்களில் ஒன்று. எங்கள் வீட்டில் சலவைக்காரியும் அந்த அம்மாவும் ஒரே ஆள். ஊராருக்குத் துவைத்து முடித்து, கல்யாணமாகி, சொந்த மெஷின் வாங்கி, இனி யார் துணியும் எனக்கு வேண்டாம், என் துணியும் யாருக்கும் வேண்டாம் என்று இருக்கிறார். கோவன் இவரைக் கணக்கில் எடுத்திருப்பாரா தெரியாது.

காசு போட்டால் சுற்றும் டோபியில் யாருடைய கையும் தெரிவதில்லை. அங்கேயும் தீட்டு வந்து சேர்ந்தது. 2017 செப்டம்பரில் மூவாரில் ஒரு சுயசேவை டோபி, முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தது. ஜொகூர் சுல்தான் கடுமையாகக் கண்டித்த பிறகு பலகை போனது, உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார். அந்த வாரம் நம்மவர்கள் எல்லாரும் கொதித்தார்கள். கொதிக்க வேண்டியதுதான். எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் கொதித்தார்கள். அதில் ஒரு மாமா, பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தச் சுவரின் மேல் காசு வைத்த வீட்டுக்குச் சொந்தக்காரர். அம்மா ஒன்றும் போடவில்லை, ஒரு கட்டைவிரல்கூட.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்க. அக்காவுக்கு முடிவானப்புறம் போடு" என்றார்.

அக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பெரியம்மா முன்கூட்டியே வந்து எங்களைத் தயார் செய்திருந்தார். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல பிசினஸ்னு சொல்லுங்க, போதும். என்ன பிசினஸ்னு கேட்டா, அந்தக் காலத்துல, அப்டின்னு இழுங்க." மாப்பிள்ளை வீட்டார் கேட்கத்தான் கேட்டார்கள். அப்பா இழுக்கவில்லை. "லாண்ட்ரி" என்றார். மாப்பிள்ளையின் அப்பா முகம் மலர்ந்து, "அட, நாங்களும் ஷா ஆலம்ல ஒரு டோபி எடுத்திருக்கோம். பன்னெண்டு மெஷின். இப்ப அதுலதான் நல்ல காசு" என்றார். எல்லாரும் சிரித்தோம். அம்மா காப்பி எடுக்க உள்ளே போனார். போன ஆவணியில் கல்யாணம் முடிந்துவிட்டது. ஆகவே இதைப் போடுகிறேன்.

மெஷின் இப்போதும் ஓடுகிறது. துவைத்ததும் மூடியைத் திறந்தே வைக்கிறோம். சாஃப்ட்னரை நிறுத்திவிட்டோம், தூளைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். மாதம் ஒருமுறை பெர்கார்பனேட். மெஷினின் அடியில் ஒரு வலைத்தட்டு பூட்டியிருக்கிறேன், எலியும் கரப்பானும் ஏறாமலிருக்க. பக்கத்து வீட்டு மெஷினில் ஒரு பல்லி சர்க்யூட் போர்டின் மேல் கருகி, போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. தண்ணீர்த் தடை முடிந்து தண்ணீர் திரும்பும்போது முதலில் வருவது செம்மண் நிறத்தில் இருக்கும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. திரும்பி வந்த அன்றே துவைக்கப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் இரண்டு வாளியைப் பைப்பில் பிடித்து வெளியே ஊற்றிவிட வேண்டும். பிறகும் மெஷினில் தண்ணீர் நூலாக இறங்கினால் பைப்பை அடைத்து, குழாயைக் கழற்றினால், மெஷினின் வாயில் விரல்நுனி அளவு சல்லடை இருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். இதற்கும் ஐம்பது வெள்ளி கேட்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு தொந்தரவு. பிழியும்போது தொட்டி 'தட் தட்' என்று பக்கச் சுவரில் மோதுகிறது. துணி ஒரு பக்கமாகச் சேர்ந்ததால் அல்ல, வெறும் தொட்டியும் மோதுகிறது. நான்கு மூலையிலும் தொட்டியைத் தாங்கும் தொங்கு கம்பிகள் தளர்ந்துவிட்டன. ஒன்றை மட்டும் மாற்றினால் தொட்டி சாய்ந்துவிடும், நான்கையும் மாற்ற வேண்டும். ஆன்லைனில் சொல்லியிருக்கிறேன், பத்து நாள் ஆகுமாம். அதுவரை கனமான துணிகளை நானும் அப்பாவும் பின்கட்டில் பெரிய பேசினில் போட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு மிதிக்கிறோம். அம்மா அடுப்படி ஜன்னலில் நின்று பார்க்கிறார்.

"அப்டி மிதிச்சா நூல் பிரிஞ்சுரும். குதிகால வை. குதிகால."