பிரேசிலா, கூடலூரா?

சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் அடுத்தடுத்து இருக்கும். அதில் ஒன்றில் உட்கார்ந்து கிப்சன் நிறுவனத்தின் இரண்டு லெஸ் பால் எலக்ட்ரிக் கிட்டார்களை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டுமே 1959-ஆம் ஆண்டு மாடலை அச்சு அசலாகத் திரும்பச் செய்தவை. ஒன்று 2003-இல் செய்தது, மற்றது புதியது. பழையதற்குக் கடைக்காரர் சொன்ன விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் கேட்டேன். அதன் ஃபிங்கர்போர்டு, அதாவது கழுத்தின் மேல் விரல் அழுத்தும் பலகை, பிரேசில் ரோஸ்வுட், இதில் இருப்பது வெறும் இந்தியன் ரோஸ்வுட் என்றார்.

அந்த 'வெறும்' சுருக்கென்று தைத்தது. இந்தியன் ரோஸ்வுட் என்று அவர் சொன்னது எங்கள் ஊர் ஈட்டியை. நான் கூடலூர்க்காரன். என் தாத்தா ஈட்டியும் தேக்கும் அறுத்து, லாரி ஏற்றி, கோழிக்கோட்டுக் கல்லாய்க்கு அனுப்பியவர். "நம்ம ஈட்டி கப்பலேறிப் போய் அமெரிக்காவுல பாட்டுப் பெட்டி ஆச்சு" என்று பாட்டி சொல்வார். சின்ன வயதில் கேட்டது. எந்தப் பெட்டி, யார் சொன்னது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பாட்டுப் பெட்டி ஒரு கிட்டாராக இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கடையில்தான் என்னைப் பிடித்தது.

பிரேசில் மரத்துக்கு இந்தப் பெருமை எப்படி வந்தது என்று முதலில் பார்த்தேன். 1950-களில் அமெரிக்கக் கிட்டார் தொழிற்சாலைகளுக்கு வந்துகொண்டிருந்த ரோஸ்வுட் அதுதான், அவ்வளவே. விலை உயர்ந்த மாடலுக்கும் அதுதான், மாணவர்களுக்கான மலிவு மாடலுக்கும் அதுதான். ஃபெண்டர் நிறுவனம் 1959-இல் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு போடத் தொடங்கியதற்குச் சொல்லப்படும் காரணத்தில் ஒலி என்ற பேச்சே இல்லை: வார்னிஷ் பூசிய மேப்பிள் மரம் விரல் பட்டுத் தேய்ந்து, மேடையிலும் டி.வி.யிலும் அழுக்காகத் தெரிந்தது. 1960-களின் இறுதியில் பிரேசில் அறுக்காத உருளை மரங்களை வெளியே விடுவதை நிறுத்தியது. மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய மரத்துக்கு மாறியது. கிப்சனும் ஃபெண்டரும் அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டன. 1992-இல் பிரேசில் ரோஸ்வுட், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்ந்தது. கிடைக்காமல் போன பிறகுதான் அது தங்கமானது.

மரத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் டால்பெர்ஜியா பேரினம். காய்ந்த நிலையில் இரண்டின் அடர்த்தியும் கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோ. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடத்தி 2018-இல் வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வேறு வேறு மரத்தில் அமைந்த ஆறு அகூஸ்டிக் கிட்டார்களை 52 கலைஞர்களிடம் கொடுத்தார்கள். மரம் தெரியாதபடி கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி. பிரேசில், இந்தியா, மகாகனி, மேப்பிள் எதையும் அவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெட்டி முழுவதும் அதிரும் அகூஸ்டிக் கிட்டாரிலேயே இந்த நிலை. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பி தொடுவது பலகையில் பதித்த உலோக ஃபிரெட்டை, அதன் அதிர்வைப் பிடிப்பது பிக்கப் என்ற காந்தச் சுருள். நடுவில் ஒட்டிய சில மில்லிமீட்டர் பலகைக்கு இரட்டிப்பு விலை கொடுக்கும் அளவுக்கு என்ன வேலை?

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாட்டியின் பேச்சு விடவில்லை.

ஊருக்குப் போனேன். தாத்தாவின் கணக்கு நோட்டு அத்தை வீட்டுப் பரணில் கிடைத்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மரத்தின் நீளம், சுற்றளவு, கன அடி, லாரி வாடகை, வாங்கியவரின் தலைப்பெழுத்து. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்தத் தலைப்பெழுத்துகளை எழுதிக்கொண்டு கல்லாய்க்குப் பஸ் ஏறினேன். ஒரு காலத்தில் உலகறிந்த மரச் சந்தை அது. ஆற்றங்கரையில் மிச்சமிருக்கும் அறுவை மில்களில் ஏறி இறங்கி விசாரித்தேன். டீ கொடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். கரைக்கு வந்ததும் வயநாட்டு மரமும் நிலம்பூர் மரமும் கூடலூர் மரமும் ஒன்றாகக் கலந்து, தரம் பிரித்து, மறுபடி விலை போகும். அதற்குப் பிறகு எந்த மரம் எந்தக் காடு என்று யாருக்கும் தெரியாது. ரோஸ்வுட்டில் பெரும்பகுதி மேசை, கட்டில், மெல்லிய தகடாகச் சீவிய வெனீர் என்றுதான் போனது என்றார் ஒரு முதலாளி. வெனீர் என்றதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிக்கும் கிராமபோன் பெட்டிக்கும் ஒட்டியது வெனீர்தான். பாட்டி சொன்னது அந்தப் பெட்டியாகவும் இருக்கலாம். அந்த வழி அத்தோடு அடைத்துக்கொண்டது.

திரும்பும் வழியில், தாத்தாவிடம் அறுவை வேலை பார்த்த ஆசாரியைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர். என் கிட்டாரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். இந்திய ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு, பெரிய கம்பெனி, நல்ல விலை. தாத்தாவின் மரம் எங்கே போனது என்று எத்தனை விதமாகக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "லாரி போன திசை தெரியும் தம்பி. அதுக்கு மேல எனக்கென்ன?" பாட்டு கேட்பீர்களா என்றேன். கேட்பதில்லை என்றார். ஒலியைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்.

ஆனால் கிட்டாரைக் கீழே வைக்க விடவில்லை. கம்பியைக் கழற்றச் சொன்னார். எச்சில் தொட்ட பெருவிரலால் ஃபிங்கர்போர்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். ஈரம் பட்ட இடத்தில் ஊதா கலந்த கருப்பு ரேகை எழுந்தது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் பலகையின் வெட்டுமுனையை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "வைரம் பாஞ்ச மரம். ரேகை நேரா ஓடுது, நல்லா பார்த்து அறுத்திருக்கான்" என்றார். பிறகு கழுத்தின் ஓரமாக நகத்தை மேலிருந்து கீழே இழுத்தார். டிக், டிக், டிக் என்று ஒவ்வொரு ஃபிரெட்டிலும் நகம் தட்டியது.

"இங்க குத்துதே, வாசிக்கும்போது தெரியலியா?"

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அது தெரியாது. தை மாதத்துக் கூடலூரில் பலகை சுருங்கி, சுருங்காத உலோக ஃபிரெட்டின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"மரத்துல குறை சொல்ல முடியாது. ஆறப்போடல. அவசரப்பட்டிருக்காங்க."

எந்தக் காட்டு மரம் என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இன்னொரு முறை நகத்தை இழுத்துக் காட்டினார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். மரம் எங்கிருந்து வந்தது என்றே அலைந்துகொண்டிருந்த எனக்கு, வந்த மரத்தை என்ன செய்தார்கள் என்று அவர் காட்டிவிட்டார். அதன் பிறகு நான் கிட்டார்களைப் பார்க்கும் விதமே மாறியது.

முதலில் விரலுக்குத் தெரிபவை. ஒரே சுருதி, ஒரே தடிமன் கம்பி என்றால், லெஸ் பாலின் 24¾ அங்குலக் கம்பி நீளத்தில் இழுவிசை ஸ்ட்ராட்டோகாஸ்டரின் 25½ அங்குலத்தைவிடச் சுமார் 6 சதவீதம் குறைவு. கம்பியை வளைத்து ஒரு சுரம் ஏற்றும்போது விரல் அதை உடனே சொல்லிவிடும். பால் ரீட் ஸ்மித் நிறுவனம் நடுவில் 25 அங்குலம் வைத்தது. ஃபெண்டரின் பழைய ஃபிங்கர்போர்டுகளின் வளைவு ஆரம் 7¼ அங்குலம், கிப்சனில் 12. ஆரம் சிறிதாக இருந்தால் கார்ட் பிடிக்கச் சுகம், கம்பியை அதிகம் வளைத்தால் சுரம் அடைபடும்.

ஒலிக்கு வந்தால், பேர்பெற்ற 1959 லெஸ் பாலின் குரலுக்குப் பெரும் காரணம் கிப்சனில் சேத் லவர் உருவாக்கிய இரட்டைச் சுருள் பிக்கப். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959-இல் பெற்றார். அந்தக் காலத்து இயந்திரங்கள் சுற்றின் எண்ணிக்கையைத் துல்லியமாக நிறுத்தாததால், ஒரே பிக்கப்பின் இரண்டு சுருள்களிலேயே சுற்றுகள் வேறுபட்டன. ஆகவே 'ஐம்பத்தொன்பதின் ஒலி' என்று ஒரே ஒலி கிடையாது. வால்யூம் குமிழுக்கு அடியில் இருப்பது 250 கிலோ ஓமா 500 கிலோ ஓமா என்பதும், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரின் நீளமும் மேல்ஸ்தாயியின் பளிச்சைக் கூட்டும், குறைக்கும். காது பிடிக்கும் வித்தியாசங்கள் இவை.

இந்தியன் ரோஸ்வுட்டுக்குக் கெட்ட பெயர் வந்த கதையும் உண்டு. 2011 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளில் நுழைந்து, இந்தியாவிலிருந்து வந்த கருங்காலியையும் ரோஸ்வுட்டையும் கைப்பற்றினார்கள். ஃபிங்கர்போர்டுக்கான பலகை 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் அது ஏற்றுமதி தடைசெய்யப்பட்ட அறுத்த மரமா, அனுமதி உள்ள பாகமா என்பதே வழக்கு. மறு ஆண்டு ஒப்பந்தத்தில், இந்திய விதியில் தெளிவில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எங்கள் பக்கமோ 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வந்த பிறகு பல ஆண்டுகள், சொந்த நிலத்து ஈட்டியைக்கூட அனுமதியில்லாமல் வெட்ட முடியாமல் இருந்தது. அது வேண்டியிருந்தது. மெதுவாக வளரும் மரம்.

ஆகவே கை நிறையப் பணம் கொடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரேசில் என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். அதை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினால் சைட்டிஸ் சான்றிதழ் வேறு கேட்பார்கள். ஈட்டியில் செய்து முடித்த இசைக்கருவிக்கு 2019 நவம்பர் முதல் அந்தத் தொல்லை இல்லை. கொடுக்கும் பணம் பிக்கப்புக்கும் ஃபிரெட் வேலைக்கும் போகட்டும். கடையில் ஆம்ப்ளிஃபயரை இயக்கும் முன் கழுத்தின் இரு ஓரத்திலும் நகத்தை இழுத்துப் பாருங்கள். குத்தினால் சரிசெய்து தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.