அங்குலத்துக்கு எட்டு நூல்

அங்குலத்தை எட்டாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தது வெள்ளைக்காரன்தான் என்று ஒரு பேச்சு உண்டு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த என் தாத்தா கேட்டால் சிரித்திருப்பார். கால், அரைக்கால், வீசம் என்று அவர் ராகம் போட்டுச் சொன்னது அரைகுறையாக நினைவிருக்கிறது: நாலில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. டேப்பில் ஓர் அங்குலத்துக்குள் உயரம் குறைந்துகொண்டே போகும் கோடுகளும் இதே வரிசைதானே? அந்த உறுத்தல்தான் தச்சுப் பட்டறை வரை இழுத்துப் போனது.

பட்டறைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். கேட்டதற்குப் பதில் சொல்வார், சொல்லாமலும் இருப்பார். இழைப்புளி மட்டும் நிற்காது. 5/8 என்று எழுதிக் காட்டினால் திரும்பிப் பார்க்க மாட்டார். 'அஞ்சு நூல்' என்றால் அடுத்த நொடி டேப்பில் நகம் பதியும். அங்குலத்துக்கு எட்டு நூல். டேப்பின் ஆகச் சிறிய கோடு அரை நூல், அதாவது 1/16. ஐந்து நூல் பலகை இரண்டை ஒட்டினால் பத்து நூல். எட்டைத் தள்ளினால் ஓர் அங்குலம், இரண்டு நூல். கணக்கு முடிந்தது. பிள்ளைகளை அழவைக்கும் தொகுதியும் பகுதியும் அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததே இல்லை. அவர் பின்னம் போடுவதில்லை, எண்ணுகிறார்.

"இந்த எட்டு எங்கேருந்து வந்துச்சுங்கய்யா?"

"கடையிலேருந்து. டேப்பு நூத்தம்பது ரூபா."

இங்கிலாந்துப் பக்கம் தேடினால் முட்டுச்சந்து. அங்கே பழைய சட்டப்படி, வாற்கோதுமை மணி மூன்றை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். பிரிட்டிஷ் செருப்பு அளவு இன்றும் ஓர் எண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு அங்குலம் கூடுவது அந்த மிச்சம்தான். மூன்றை எத்தனை முறை புரட்டினாலும் எட்டு வராது.

எட்டு கிடைத்தது சிலப்பதிகாரத்தில். அரங்கேற்று காதையில் ஆடலரங்கின் அளவை விளக்கும் உரையாசிரியர் அடியார்க்குநல்லார், அணுவிலிருந்து தொடங்கி எட்டெட்டாக ஏறுகிறார்: தேர்த்துகள், இம்மி, எள், நெல், கடைசியில் எட்டு நெல்லுக்கு ஒரு பெருவிரல். பெருவிரல் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம் அல்லவா! துள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "எந்த நெல்லு? பொன்னியா, குண்டு நெல்லா?" என்றார்.

நியாயமான கேள்வி. சன்ன ரகத்தில் எட்டு மணியைப் பக்கவாட்டில் அடுக்கினால் அங்குலத்தைத் தொடாது. மோட்டா ரகம் கிட்டத்தட்ட தொட்டுவிடும். விரலும் ஆளுக்கு ஆள் வேறு. அவர் ஒரு நூலை எடுத்து மடித்தார்: ஒரு மடிப்பு அரை, இரண்டாவது கால், மூன்றாவது அரைக்கால். "இதையே அஞ்சா மடிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

அதற்குப் பிறகு யார் கொடுத்தது என்ற கேள்வியே எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கண்ணும் கையும் பாதியைத் தப்பாமல் பிடிக்கும். பத்தில் ஒன்றைப் பிடிக்காது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எண்ணிப் பழகிய தலைமுறைக்கு, பதினாறு கோடு உள்ள அங்குலத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. நாலணா பேச்சில் மட்டும் தங்கியது. நூலோ வேலையிலும் தங்கிவிட்டது: 10 மில்லிமீட்டர் கம்பியை இன்றும் மூணு நூல் கம்பி என்றுதான் கேட்கிறார்கள்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. முக்கால் இன்ச் பிளைவுட் கேட்டால் கடையில் 18 மில்லிமீட்டர் பலகையைத் தருவார்கள். ஆறு நூல் என்பதோ 19.05. டேப்பை நம்பி ஆறு நூலுக்குக் காடி எடுத்தால் தட்டு ஆடும். அதனால் பட்டறைக்காரர் அந்த இடத்தில் அளப்பதே இல்லை. பலகையை அப்படியே மரத்தின் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, உளியை எடுத்துவிடுகிறார்.