விதையும் வெயிலும்

அரபு மதரஸாவில் ஓதியவர்களுக்குச் சஹன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அகன்ற தாம்பாளத்தில் சோறு வந்து அமரும். நால்வரோ ஐவரோ சுற்றி அமர்வர். அவரவர் முன்னுள்ள பக்கத்திலிருந்து அவரவர் உண்பர். ஒரே சஹனில் கை நனைத்தவர்கள் ஒருவரையொருவர் எளிதில் மறப்பதில்லை.

1986ஆம் ஆண்டு. எனக்குப் பதினாறு வயது. எங்கள் சஹனில் என் வலப்பக்கம் அமர்பவன் என் வயதினன். ஸர்ஃபுப் பாடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன். பெருநாள் விடுமுறை முடிந்து அவன் திரும்பியபோது விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெள்ளை படர்ந்திருந்தது. "வெண்குஷ்டம்" என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் பகலுணவுக்கு நான் வேறு சஹனில் போய் அமர்ந்தேன். மாறச் சொன்னவர் எவருமில்லை. என்னைப் பார்த்து இன்னும் இருவர் மாறினர். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வாண்டு முடியுமுன் ஓதுவதை நிறுத்திவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

இதனை நான் எவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய காலம் 2013இல் வந்தது. ஒளுச் செய்துகொண்டிருந்தபோது என் இடக்கை மணிக்கட்டில் மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்றைக் கண்டேன். மூன்று மாதத்தில் அது ஒரு ரூபாய் நாணயமளவு ஆயிற்று. வலக்கை விரல் நுனிகளும் வெளுத்தன. என் மனைவி பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "மகளுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரமுங்க. முழுக்கைச் சட்டையாப் போட்டுக்கங்க" என்றார். அவ்வாறே செய்தேன்.

மருத்துவரிடம் போக வெட்கப்பட்டு, நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கினேன். வெண்புள்ளிக்கு அதனைப் பூசுவது நம் நாட்டுப் பழைய வழக்கம். தேங்காயெண்ணெயில் அரைத்துத் தடவிக்கொண்டு, உச்சிப் பொழுதில் மொட்டை மாடியில் நின்றேன். நாள்தோறும் படுகிற வெயில் என்ன செய்துவிடும் என்பது என் எண்ணம். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இரவு எரிந்தது. மூன்றாம் நாள் மணிக்கட்டு முழுவதும் கொப்புளம். அதன்பின்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விதைய மட்டும் பூசியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது ஐயா. இதே வெயில்ல மட்டும் நின்னிருந்தாலும் இப்படி ஆயிருக்காது. ரெண்டும் சேர்ந்ததுதான் இது" என்றார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. தனித்தனியே தீங்கு செய்யாத இரண்டு சேர்ந்தால் ஏன் சுட வேண்டும்? கிதாபுகளோடு காலம் கழித்தவனுக்கு ஐயம் எழுந்தால் நூலைத் தேடுவதன்றி வேறு வழி தெரியாது. நான் தேடிக் கற்றதை, எனக்கு விளங்கிய அளவில், வாசக நேயர்கள்முன் வைக்கிறேன்.

ஒளி தான் படுவதன்மேல் செயல் புரிவது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், பதினோராம் நூற்றாண்டில் எழுதிய தம் கிதாபுல் மனாழிரில் இதற்குச் சான்றாகக் காட்டுவது மிக எளிய அனுபவம்: பேரொளியை உற்று நோக்கினால் கண் நோகிறது. நோகிறதென்றால் ஒளி கண்ணில் ஏதோ செய்கிறதன்றோ? என்ன செய்கிறது என்பதற்கான விதியை வேதியியலார் குரோத்துஸ் 1817இல் வகுத்தார். ஒரு பொருள் எந்த ஒளியைத் தன்னுள் ஏற்கிறதோ, அந்த ஒளி மட்டுமே அதில் மாற்றம் செய்யும். திரும்பி எழுவதும் ஊடுருவிக் கடப்பதும் மாற்றம் எதுவும் செய்யா.

ஒளி துளித்துளியாக வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் உரைத்தார். அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு துளியின் ஆற்றலும் மிகும். நாம் காணும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ளது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதற்கும் குறைந்த நீளமுடையது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். ஒவ்வொரு மூலக்கூறும் தன் அமைப்புக்கு இசைந்த துளியையே ஏற்கும். மஞ்சட்காமாலையோடு பிறந்த குழந்தையை நீல விளக்கின்கீழ்க் கிடத்துவதைப் பல தாய்மார் கண்டிருப்பர். குழந்தையின் தோலைப் பழுப்பாக்கும் பிலிருபின், நீல ஒளியை ஏற்று வடிவம் மாறி, உடலைவிட்டு எளிதில் நீங்கும் பொருளாகிறது. அவ்விளக்கு சிவப்பாயிருந்தால் பயனில்லை.

மனிதத் தோல் ஒளியை எதிர்கொள்ளும் முறை இன்னும் நுட்பமானது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரில் 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ளதை ‘ஏ’ வகை என்றும், அதனினும் குறுகியதை ‘பி’ வகை என்றும் கூறுவர். ‘ஏ’ வகை ஆழ்தோல் வரை செல்லும். ‘பி’ வகை பெரும்பாலும் மேல்தோலிலேயே நின்றுவிடும். அங்கே அது இரண்டு செயல்களைப் புரிகிறது. ஒருவகைக் கொழுப்பினை மாற்றி வைட்டமின் டி உண்டாவதற்கு வழி செய்வது ஒன்று. உயிரணுவின் கருவிலுள்ள மரபிழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்களைத் தகாத முறையில் பிணைத்துவிடுவது மற்றொன்று. பின்னது தொடர்ந்து நிகழ்ந்து செப்பனிடப்படாமற்போனால் புற்றுநோய்க்கு வித்தாகும். ஒரே கதிர் ஊட்டவும் செய்கிறது, ஊறும் செய்கிறது.

இவ்வூறுக்குத் தடுப்பாகவே நம் மேனி நிறம் கொண்டிருக்கிறது. மேல்தோலின் அடிவரிசையில் கருநிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் உள்ளன. மரக்கிளை போன்ற கரங்களை நீட்டி, ஒவ்வொன்றும் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோலணுக்களுக்கு மெலனின் என்னும் கருநிறமியைச் சிறு பொதிகளாக வழங்குகிறது. பெற்றுக்கொண்ட தோலணு அப்பொதிகளைத் தன் கருவின் மேற்புறத்தில், வெயில் வரும் திசை நோக்கிக் குடைபோல் கவித்துக்கொள்கிறது. மரபிழையைத் தாக்க வேண்டிய ஒளித்துளியை மெலனின் ஏற்று, வெறும் வெப்பமாக்கி விடுகிறது.

ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், தமிழர் எவராயினும், இந்நிறமியணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமே. அவை கட்டும் பொதியின் அளவும் மிகுதியுமே வேறுபடுகின்றன. கறுப்பென்றும் சிவப்பென்றும் பெண் பார்க்கும் வீடுகளில் நாம் அளந்து பேசுவதெல்லாம் இந்தக் குடையின் தடிப்பைத்தான்.

வெண்புள்ளி நோயில் உடலின் காவற்படையே வழி தவறித் தன் நிறமியணுக்களை அழித்துவிடுகிறது. குடை வழங்குவோர் இல்லாததால் அவ்விடம் வெளுக்கிறது. இதில் கிருமியில்லை, தொற்றுவதில்லை. தொழுநோயோ 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வருவது. அதில் தேமல் போன்ற இடம் உணர்விழக்கும். வெண்புள்ளியில் உணர்வு சிறிதும் குன்றாது. அரபு மருத்துவ நூல்கள் இவ்விரண்டையும் பிரித்தே பேசின: உறுப்பழிக்கும் நோயை ஜுதாம் என்றன, வெண்மையைப் பரஸ் என்றன. நம் பேச்சு வழக்கோ இரண்டையும் குஷ்டம் என்ற ஒரே சொல்லில் அடைத்தது. பரஸ் என்னும் சொல் வரும் இடங்களிலெல்லாம் ‘வெண்குஷ்டம்’ என்றே நானும் ஆண்டுதோறும் பொருள் சொல்லி வந்தேன். பதினாறு வயதில் என்னைச் சஹனைவிட்டு எழுப்பிய சொல் அதுதான். அதனை என் வாயாலேயே அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி விதைக்கு வருவோம். இந்நாட்டு வேதியியலார் 1933இல் கார்போகரிசியிலிருந்து சோரலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு தட்டையானது. மரபிழையின் படிகளுக்கிடையே, ஏட்டுக்குள் சீட்டைச் செருகுவதுபோல், நுழைந்து இருக்கும். இருளில் அதனால் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. ‘ஏ’ வகைக் கதிரின் ஒரு துளியை ஏற்றவுடன் ஒரு பக்கத்து இழையோடு பிணைகிறது. மற்றொரு துளியை ஏற்றால் மறுபக்கத்து இழையையும் பற்றி, இரண்டையும் தைத்துவிடுகிறது. நாள்தோறும் என்மேல் பட்டும் என்னைச் சுடாத கதிர், அன்று மொட்டை மாடியில், ஏற்கும் பொருளொன்றைக் கண்டது. டாக்டரம்மா சொன்னதன் விளக்கம் இதுவே. பச்சை எலுமிச்சைச் சாற்றிலும் இவ்வினத்துப் பொருள் உண்டு. சாறு பட்ட கையோடு கடும் வெயிலில் நின்றால் சிலருக்குத் தோல் கன்றிப்போவதும் இதனாலேயே.

அளவறிந்து செய்தால் இதே செயல் மருந்தாகும். இதனைத் தேடியபோது என் அலமாரியிலிருந்த ஒரு நூலே எனக்கு விடை சொன்னது. மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த மூலிகையறிஞர் இப்னுல் பைத்தார், தம் பெருநூலில் ஆத்ரீலால் என்னும் செடியைப் பற்றி எழுதுகிறார். பெயர் பெர்பர் மொழிச் சொல்; பறவைக்கால் என்பது பொருள். சீரகம், கொத்தமல்லி இனத்தது. மக்ரிபில் ஒரு பெர்பர் குலத்தார் மட்டுமே அதன் பயனறிந்து, தந்தை மகனுக்கென்று மறைவாகக் காத்து வந்தனராம். விதைப் பொடியைத் தேனோடு உண்டு, வெண்மை படர்ந்த இடத்தைத் திறந்து வைத்துச் சுடு வெயிலில் அமர வேண்டும் என்கிறார். ‘வெயிலில்’ என்ற சொல்லை நான் முன்பு படித்தபோது வழிமுறையின் ஓர் உறுப்பாகவே கருதிக் கடந்திருந்தேன். மருந்தின் பாதி அதிலிருக்கிறது.

எகிப்தில் அத்தார் கடைகளில் இப்பொடி வழிவழியாக விற்கப்பட்டு வந்தது. 1940களில் கெய்ரோவின் தோல் மருத்துவர் அப்துல் முன்இம் அல்-முஃப்தீ அதனை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார். அந்நாட்டு வேதியியலார் அதன் படிகங்களைப் பிரித்தபோது, அவை சோரலென் குடும்பத்தைச் சேர்ந்தவையாயிருந்தன. 1948இல் அவருடைய ஆய்வறிக்கை வெளிவந்தது. 1974இல் அமெரிக்க மருத்துவர் அம்மருந்தையும் ‘ஏ’ வகைக் கதிரையும் சேர்த்துச் சொரியாஸிஸ் நோய்க்குப் பயன்படுத்தினர். நெடுங்காலம் செய்தால் தோற்புற்று வரக்கூடும் என்று பின்னர் தெரிந்தது. 1997இல் நெதர்லாந்து மருத்துவர், விதைப்பொருள் இல்லாமலே 311 நானோமீட்டர் அளவான ‘பி’ வகைக் கதிரை வெண்புள்ளிக்குப் பயன்படுத்திப் பயன் கண்டனர். இன்று பெரும்பாலும் அதுவே கையாளப்படுகிறது.

எனக்கும் அதுவே அளிக்கப்பட்டது. வாரத்தில் இரண்டு நாள், கண்களை மூடிக் கட்டி, விளக்குகளின்முன் நிற்பேன். முதலில் சில விநாடிகள். பிறகு சிறிது சிறிதாக அளவு கூடும். மூன்றாம் மாதம் மணிக்கட்டின் வெண்மையில் கடுகளவுக் கரும்புள்ளிகள் தோன்றின. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மயிர். மயிர்க்கால்களின் ஆழத்தில் நிறமியணுக்கள் ஒளிந்து உயிரோடிருக்கும். ஒளி அவற்றை எழுப்ப, அவை மேலேறிப் பரவும். ஓராண்டில் மணிக்கட்டு ஏறத்தாழ நிரம்பிற்று. விரல் நுனிகளில் மயிர்க்கால் இல்லை. ஆதலின் அவை இன்றும் வெள்ளைதான்.

2017இல் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டுப் போய், மாப்பிள்ளை வீட்டாரிடம் விரல்களைக் காட்டினேன். தொற்றாது என்றும், குடும்பவழிச் சாய்வு ஓரளவு உண்டாயினும் இந்நோயுள்ளவரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை என்றும் உள்ளபடி சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார்கள்; பிறகு சம்மதம் சொல்லியனுப்பினார்கள்.

அழைப்பிதழ் கொடுக்க, முப்பத்தோராண்டுக்குப் பின் என் பழைய தோழனின் ஊரைத் தேடிப் போனேன். ஜவுளி வியாபாரத்தில் நன்றாக இருந்தான். முகத்திலும் கைகளிலும் வெண்மை முழுதும் பரவியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அவன் என் விரல்களைப் பார்த்தான். "டீ குடிங்க ஹஜ்ரத்" என்றான்.

நிக்காஹ் விருந்துக்கு வந்திருந்தான். சஹனில் ஓரிடம் ஒதுக்கித் தந்து அவனை அமர்த்தி, நான் அவனுடைய இடப்பக்கம் அமர்ந்தேன். அன்று எழுந்து போன அதே இடம். இருவர் கையும் ஒரே சோற்றில் இறங்கின. நல்ல கறித்துண்டு ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தான். "அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போனதும் உங்க பங்கையும் நான்தான் தின்னேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை.

வாசக நேயர்களே, வீட்டில் எவருக்கேனும் இவ்வெண்மை தோன்றினால் விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்காதீர்கள். தோல் மருத்துவரிடம் காலத்தோடு போங்கள். அந்தப் பழஞ்சொல்லால் அதனை அழைக்காதீர்கள். நான் இப்போது பாடத்தில் பரஸ் என்ற சொல் வருமிடத்தில் ‘வெண்புள்ளி’ என்று பொருள் சொல்லி, என் விரல்களையும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். சென்ற மாதம் சிறுவன் ஒருவன் தொட்டுப் பார்த்துவிட்டு, "வலிக்குதா ஹஜ்ரத்?" என்று கேட்டான். அன்று பகல் அவர்களோடுதான் உண்டேன்.