யார் வீட்டுப் பையன்?

வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் சிறப்பு இல்லத்திலிருந்து வெளியே வரும் பையனுக்கு வேலை பிடித்துக் கொடுத்துவிடலாம். வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. சென்னையில் ஹோட்டல்காரர்களும் ஏசி மெக்கானிக்குகளும் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். கைகால் திடமாக இருந்தால் நாளைக்கே வரச் சொல்வார்கள். ஹவுஸ் ஓனர் அப்படியில்லை. சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள் என்று சுற்றி, கடைசியில் "நீங்க என்ன ஆளுங்க?" என்பதில் வந்து நிற்பார். வழக்கு விவரம் தெரியாமலே அந்த இடத்தில் கதவு சாத்தப்படுவதும் உண்டு.

"அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடலாமே?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் அனுப்புகிறோம். ஆனால் பையன் மாட்டியதே அந்தத் தெருச் சண்டையில் என்றால்? எதிர்த்தரப்பு அதே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்ப்பேன்; சாயங்காலம் முனையில் யார் நிற்கிறார்கள் என்று விசாரிப்பேன். இதை அம்மாக்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. "கொஞ்ச நாள் வேற எங்கயாவது வெச்சிருங்க சார், நானே வந்து பாத்துக்கறேன்" என்று ஒரு தாய் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை.

சட்டம் கைவிட்டுவிடவில்லை. இல்லத்தை விட்டு வெளியேறிய, 18 முடிந்து 21 ஆகாதவர்களுக்குப் பிற்காப்பு உதவி உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். பங்கு போட்டுத் தங்கினால் வாடகைக்குக் கைகொடுக்கும் தொகைதான். இடிப்பது அட்வான்ஸ். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏற்கெனவே எடுத்திருக்கும் அறையில் ஓர் இடம் கேட்பதுதான் என் வழி. ஒரே இல்லத்தில் இருந்த இரண்டு பேரைச் சேர்த்து வைப்பதில்லை. அவர்களுக்குள் பிரியம் இருக்கும். பழைய கணக்கும் இருக்கும்.

ஓனரிடம் என்ன சொல்வது? பொய் சொல்ல மாட்டேன். வழக்கையும் சொல்ல மாட்டேன். "ஹோம்ல இருந்து படிச்சவன். இந்த வேலையில இருக்கான். ஏதாவதுன்னா எனக்குப் போன் பண்ணுங்க" என்று நம்பரைக் கொடுப்பேன். மறைப்பது நியாயமா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். வழக்கு முடிந்துவிட்டால் நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடக் காவல்துறை அந்தப் பதிவை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸே சொல்லக் கூடாததை நான் ஏன் மொட்டைமாடியில் நின்று சொல்ல வேண்டும்?

சாவி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. தண்ணி மோட்டார் எப்போது போடுவது, கரண்ட் பில்லில் யார் பங்கு எவ்வளவு, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள். பெல் அடித்தால் எழுந்து பெல் அடித்தால் சாப்பிட்டவனுக்கு இதெல்லாம் புதுசு. நான் பார்த்தவரையில் வாடகை பாக்கியால் வெளியேற்றப்பட்டவர்கள் குறைவு. ராத்திரி பதினொரு மணிக்கு மூன்று சிநேகிதர்களைக் கூட்டிவந்து வெளியேற்றப்பட்டவர்களே அதிகம். 'வராதே' என்று பழைய நண்பனிடம் சொல்லத் தெரியாததுதான் காரணம். அதையும் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியிருக்கிறது.

வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தனியாக ஒரு பையன் அறை கேட்டு வந்தால் ஆதாரைப் பாருங்கள், வேலை செய்யும் இடத்தில் விசாரியுங்கள், பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தோண்ட வேண்டாம்.